ஓடெல் மேபின் குற்றவாளி என்பதற்கு அத்தாட்சி

அமரர் ஊர்தி ஓட்டுகிற வேலையில் ஒரு பெரிய வசதி உண்டு. பின்னால் படுத்திருப்பவர் ஓட்டுநரின் பூர்வோத்திரத்தை விசாரிப்பதில்லை. சிறையிலிருந்து வெளியே வந்த புதிதில் ஓடெல் மேபின் ஏறி இறங்காத படி கிடையாது. மளிகைக் கிடங்கு, பள்ளிப் பேருந்து, ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் என்று எங்கே போனாலும் விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு சின்னக் கட்டம் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும்: தண்டனை பெற்றதுண்டா? உண்டு என்று குறித்தால் வேலை இல்லை. இல்லை என்று குறித்தால் பொய் சொன்ன குற்றம், மறுபடியும் உள்ளே. கடைசியில் ஈமச்சடங்கு நிலையம் நடத்தும் டிஸ்டேல் மட்டும்தான் அந்தக் கட்டம் இல்லாமல் பேசினார்.

"வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"மெதுவா ஓட்டத் தெரியுமா? துக்க வீட்டுக்காரங்க பின்னாடியே வருவாங்க. நம்ம அவசரம் அவங்களுக்குத் தெரியக் கூடாது."

"நாலு வருஷம் ஏழு மாசம் எந்த அவசரமும் இல்லாமதான் சார் இருந்துட்டு வந்திருக்கேன்."

டிஸ்டேல் சிரிக்கவில்லை, அந்தத் தொழிலில் சிரிப்பு ஆகாது. சாவியை மட்டும் நீட்டினார். அன்றிலிருந்து இருபத்திரண்டு வருடமாக, டெல்ரோஸ் நகரத்தின் கிழக்குக்கரையில் கறுப்பர் வீட்டில் சாவு என்றால் கடைசிப் பயணம் ஓடெலின் கையில்தான். பளபளவென்று துடைத்த கறுப்பு வண்டி, கறுப்பு கோட்டு, வெள்ளைக் கையுறை. இத்தனை மரியாதையோடு ஓட்டியும் போலீஸ் அவரைப் பதினோரு முறை நிறுத்தியிருக்கிறது. அதில் இரண்டு முறை பின்னால் ஆள் இருந்தார். ஒரு தடவை ஒரு அதிகாரி "பின்னாடி இருக்கிறவர் கிட்ட அடையாள அட்டை இருக்கா?" என்று கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்டாரா, நிஜமாகக் கேட்டாரா என்று ஓடெலுக்கு இன்றுவரை தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்கிற தைரியமும் வரவில்லை.

அவர் செய்த குற்றம் என்ன என்று சொல்லிவிடுகிறேன், பெரிதாக ஏதோ எதிர்பார்த்துவிடப் போகிறீர்கள். 1996இல், இருபத்துமூன்று வயதில், வைன் தெரு முனையில் நின்றுகொண்டிருந்த ஓடெலின் கோட்டுப் பையில் கஞ்சா இருந்தது. ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் கூட. நாலு பொட்டலமாக மடித்திருந்ததால் விற்பனை என்றார்கள். விற்கத்தான் வைத்திருந்தார், அதை அவர் மறைத்ததில்லை. அரசாங்கம் கொடுத்த வக்கீல் ஒன்பது நிமிஷம் பேசினார், நீதிபதி ஆறு வருடம் கொடுத்தார்.

அதே வருடம், அதே நகரத்தில், ஆற்றுக்கு மேற்கே மேட்டில் இருக்கும் கல்லூரி விடுதியில் வெள்ளைக்காரப் பையன்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு புகைத்தார்கள். போலீஸ் அங்கேயும் போகும். போய், பொட்டலத்தைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு, அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்துவிட்டு, படிப்பைப் பார் தம்பி என்று சொல்லிவிட்டுத் திரும்பி வரும். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே சட்டம்தான். ஆனால் மேடு ஏறும்போது போலீஸ்காரர்களுக்கு மூச்சு வாங்கும். பாரம் தாங்காமல் சட்டத்தைப் பாதி வழியில் இறக்கி வைத்துவிடுவார்கள். அந்தப் பையன்களில் ஒருவர் இப்போது நீதிபதியாக இருக்கிறார் என்று கேள்வி.

ஓடெலின் அம்மா அர்டெலியாவுக்கு ஜெயில் என்ற சொல்லே ஆகாது. மகன் உள்ளே போன மறு ஞாயிறு சபையில் யாரோ விசாரித்தபோது, "வடக்கே ரயில்வேல வேலை கிடைச்சுப் போயிருக்கான்" என்று தலை நிமிர்ந்து சொல்லிவிட்டார். எங்கள் கிழக்குக்கரையில் இதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் மகன் வெளியூர் போயிருக்கிறான் என்று சொன்னால், எந்த ஊர், எப்போது லீவு என்று யாரும் கேட்கக் கூடாது. ஏனென்றால் கேட்கிறவர் வீட்டிலும் ஒருவன் வெளியூர் போயிருப்பான். அர்டெலியா அதற்கும் ஒரு படி மேலே போனார். கடிதங்களை ஜெபக்கூட்டத்தில் உரக்க வாசித்துக் காட்டும்படியாக எழுதச் சொல்லி மகனுக்கு உத்தரவு போட்டார். "அன்புள்ள அம்மா, இங்கே குளிர் அதிகம். வேலை கடினம். சாப்பாடு உங்கள் கை மாதிரி இல்லை. மேலதிகாரிகள் கண்டிப்பானவர்கள்." இதில் ஒரு வரியும் பொய் இல்லை, கவனியுங்கள். சிறை முத்திரை குத்திய உறைகளை அம்மா அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். 1999இல் அம்மாவும் போய்விட்டார். அடக்கத்துக்கு வர ஓடெலுக்கு அனுமதி கிடைக்கவில்லை. சபையில் அச்சடித்த இரங்கல் ஏட்டில் "அன்பு மகன் ஓடெல், பணி நிமித்தம் வடக்கே" என்று இருந்தது.

பிறகு காலம் மாறியது. கஞ்சா விற்றவனை உள்ளே தள்ளிய மாநிலம், தானே கஞ்சாவுக்கு வரி போடலாம் என்று கண்டுபிடித்தது. கண்டுபிடித்த கையோடு மனசாட்சியும் வந்தது. பழைய சின்ன வழக்குகளை அடியோடு அழித்துவிடலாம் என்று சட்டம் போட்டார்கள். சபையின் நிலவறைக் கூடத்தில் இலவச முகாம் நடந்தது. இளம் வக்கீல்கள் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஓடெல் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார். ஐந்து மாதம் கழித்துத் தங்கநிற முத்திரையோடு தபால் வந்தது. ஓடெல் மேபின் என்ற பெயரில் இம்மாநிலத்தில் எந்தக் குற்றப் பதிவும் இல்லை, என்று எழுதியிருந்தது. சந்தேகத்துக்கு முகாம் வக்கீலுக்குப் போன் செய்து கேட்டார்.

"அழிச்சாச்சுன்னு ஒரு ஆணை போட்டிருப்பாங்களே, அது எனக்கு வருமா தம்பி?"

"அதையும் அழிச்சிடுவாங்க மிஸ்டர் மேபின். அழிச்சதுக்கு அடையாளம் இருந்தா அது அழிச்சதே இல்லையே. நீங்க இப்ப பிறந்த குழந்தை மாதிரி."

பிறந்த குழந்தையின் மனைவி எர்னஸ்டீன் அந்தக் காகிதத்துக்குச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினாள். வெள்ளிக்கிழமை வீட்டில் கெளுத்தி மீன் பொரித்து அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள். வந்தவர்கள் எதற்கு விருந்து என்று கேட்டதற்கு அவளும் வழக்கப்படி, "ஓடெலுக்கு அரசாங்கத்துலேர்ந்து ஒரு பாராட்டுக் கடிதம் வந்திருக்கு" என்றாள்.

அடுத்த வருடம் மாநிலம் இன்னொரு காரியம் செய்தது. கஞ்சாக் கடை உரிமங்களில் கொஞ்சத்தைப் பழைய சட்டத்தால் அடிபட்டவர்களுக்கென்று ஒதுக்கியது. சட்டப் புத்தகத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு; நாங்கள் பரிகார உரிமம் என்போம். வைன் தெரு வட்டாரத்துக்கு ஒன்றே ஒன்று. ஓடெலுக்கு ஐம்பது வயது. பெட்டி தூக்கித் தூக்கி இடுப்பு போய்விட்டது. மூடிக் கிடந்த பழைய மீன்கடையை டிஸ்டேல் வாடகைக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருடமாகச் செத்தவர்களையே சுமந்தாயிற்று. உயிரோடிருப்பவர்கள் உள்ளே வந்து நலம் விசாரிக்கிற ஒரு கடையில், தன் பெயர்ப்பலகைக்குக் கீழே உட்கார வேண்டும் என்று ஓடெலுக்கு ஆசை வந்தது. அதைத் தவிர வேறு ஆசை அவருக்கு இருந்ததாக எர்னஸ்டீனுக்குக்கூடத் தெரியாது.

உரிம அலுவலகத்து ஜன்னலில் மிஸ் ஹால்வர்சன் என்ற இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண். கல்நெஞ்சக்காரியாக இருந்தால் திட்டியாவது ஆறிக்கொள்ளலாம். இவளுக்குக் கண்ணெல்லாம் கலங்கியது.

"தகுதி ரெண்டு விதம் மிஸ்டர் மேபின். கஞ்சா வழக்குல தண்டனை வாங்கியிருக்கணும். இல்லாட்டி பாதிக்கப்பட்ட பகுதிக்குள்ள கடைசிப் பத்து வருஷத்துல அஞ்சு வருஷம் குடியிருந்திருக்கணும்."

"முதல் தகுதி பிரமாதமா இருக்குங்க."

அவள் கணினியில் தட்டினாள். "ஒண்ணும் இல்லையே."

"அழிச்சிட்டாங்க."

"வாழ்த்துகள்!" என்றாள், மனதாரத்தான். "ஆனா பதிவு இல்லாட்டி தகுதி இல்லையே. அந்தப் பகுதி வரைபடத்துக்குள்ள குடியிருக்கீங்களா?"

வரைபடத்தில் அந்தப் பகுதியின் எல்லையைக் காட்டும் நீலக்கோடு ரயில் பாதையோடு நின்றுவிட்டது. ஓடெல் வீடு கோட்டுக்கு மூன்று தெரு வெளியே. பிறந்து வளர்ந்தது கோட்டுக்குள்தான், அரசாங்கக் குடியிருப்பு. சிறைக்குப் போய்வந்தவன் அங்கே இரவு தங்கக்கூடக் கூடாது என்று அந்தக் காலத்தில் விதி. அதனால் வெளியே வாடகைக்குப் போனார். சிறைக்குப் போனதால் வரைபடத்துக்கு வெளியே போனார்; வரைபடத்துக்கு வெளியே போனதால், சிறைக்குப் போனவருக்கான உரிமம் இல்லை.

பக்கத்து ஜன்னலில் ஒரு வெள்ளைக்கார இளைஞன் ஓடெலைப் பார்த்துக் கையை ஆட்டினான். டைலர் ஹோவ்லண்ட். வைன் தெருவில் பழைய மெத்தைத் தொழிற்சாலையை வீடுகளாக மாற்றினார்களே, அதில் செங்கல் சுவர் தெரிகிற ஒரு வீட்டில் நாயோடு இருக்கிறான். நாய் ஓடெலுக்கும் பழக்கம்.

"ஹே மிஸ்டர் மேபின்! நீங்களும் இதுக்குத்தானா? நான் அந்தத் தெருவுக்கு வந்து அஞ்சு வருஷம், ஒரு மாசம். அஞ்சு வருஷத்துக்கும் கரண்ட் பில் வச்சிருக்கேன்."

"உங்களுக்கு என்ன தம்பி பாதிப்பு?"

டைலர் யோசித்தான். "சைரன் சத்தம்தான். ராத்திரியெல்லாம் தூக்கமே இல்ல."

ஓடெல் தலையசைத்தார். அந்த சைரன் யாரைத் தேடிப் போகிறது என்று கேட்க நாக்கு வரை வந்தது. துக்க வீடுகளில் பழகிய நாக்கு, திரும்பி உள்ளே போய்விட்டது.

மிஸ் ஹால்வர்சன் குரலைத் தாழ்த்தினாள். "ஒரு வழி இருக்கு. நீங்க சிறையில இருந்த காலத்துலயே அதை நேர்ல அறிஞ்ச ஒருத்தர், தன் கையால எழுதி, நோட்டரி முன்னாடி சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டா ஏத்துக்குவோம். அவங்க மேல எந்த வழக்கும் இருந்திருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள வந்துடுங்க. நாலு அடிச்சா ஜன்னலை மூடிடுவோம்."

கூட உள்ளே இருந்தவர்கள் யாரும் சாட்சிக்கு ஆக மாட்டார்கள் என்று ஆயிற்று. எர்னஸ்டீன் பழக்கமானதே வெளியே வந்த பிறகுதான். ஓடெல் சிறைக்கே போன் போட்டுப் பார்த்தார். அப்படி ஒருவர் இங்கே இருந்ததே இல்லை என்றார்கள். "அப்ப நாலரை வருஷம் உங்க பீன்ஸைத் தின்னது யாருங்க?" என்று கேட்டார். வைத்துவிட்டார்கள். வீட்டில் எர்னஸ்டீன் பெட்டி பெட்டியாகக் குடைந்து அம்மாவின் கடிதக்கட்டை எடுத்தாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"ஒரு இடத்துலயாவது ஜெயில்னு எழுதித் தொலைச்சிருக்கியா நீ? 'மேலதிகாரிகள் கண்டிப்பானவர்கள்'. இதை ஆபீஸ்ல குடுத்தா உனக்கு ரயில்வே பென்ஷன் போட்டுக் குடுப்பாங்க."

"அம்மா அப்படித்தான் எழுதச் சொன்னாங்க."

"உங்க அம்மா செத்தும் உன்னைக் காப்பாத்திக்கிட்டே இருக்காங்க. யாராவது அவங்க கிட்ட போய் போதும்னு சொல்லுங்கப்பா."

அம்மாவோடு சிறைக்குப் பேருந்தில் வந்துபோன ஒரே ஆள் மதர் லூவீனியா. சபையில் மூத்த பெண்களை மதர் என்றுதான் கூப்பிடுவோம். லூவீனியாவுக்கு எண்பத்தாறு வயது. அலமாரி நிறையத் தொப்பிகள், வாய் நிறையப் பற்கள், எல்லாம் சொந்தம். நாற்பது வருடமாகச் சபையின் இரங்கல் ஏடுகளை அவர்தான் எழுதுகிறார். அவர் எழுதினால் குடிகாரன் கலகலப்பானவன் ஆவான். நாலு பெண்டாட்டிக்காரன் குடும்பப் பிரியன் ஆவான். யார் யார் வெளியூர் போனார்கள் என்பதை அந்த ஏடுகளை வைத்துப் பார்த்தால், எங்கள் கிழக்குக்கரைதான் நாட்டின் ரயில்வே முழுவதையும் கட்டியிருக்க வேண்டும்.

ஓடெல் மூன்று நாள் அவர் வீட்டுக்கு நடந்தார். திங்கட்கிழமை மதர் பேச்சையே எடுக்கவிடவில்லை. புதன்கிழமை கேக்கை வெட்டி வைத்துவிட்டு, "அந்தக் கடை விஷயத்தைத் தவிர எது வேணா பேசு" என்றார். வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்கு ஓடெல் கறுப்புக் கோட்டோடே போய் நின்றார். காலையில் ஒரு அடக்கம் இருந்தது. வண்டியையும் அப்படியே கொண்டுவந்திருந்தார். சபைச் செயலாளர் சிஸ்டர் பேர்லைன் நோட்டரி முத்திரையோடு கூடவே வந்திருந்தாள்.

"டேய், வாசல்ல அந்த வண்டியை நிறுத்தாதே. பக்கத்து வீட்டுக்காரி எனக்குப் பூ ஆர்டர் பண்ணிடுவா."

"மதர், இன்னைக்கு நாலு மணி வரைக்கும்தான்."

"உங்க அம்மா சாகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா. என் பிள்ளையை யாரும் அந்த வார்த்தை சொல்லிக் கூப்பிடக் கூடாது லூவீனியா, அது உன் பொறுப்புன்னா. இருபத்து நாலு வருஷம் காப்பாத்தியிருக்கேன். இப்ப நானே என் கையால எழுதவா?"

"உண்மைதானே மதர்."

"உண்மைன்னா? உண்மையை எழுதவா எனக்கு இந்தச் சபை பேனாவைக் குடுத்திருக்கு?"

ஆனால் காகிதத்தை இழுத்தார். கண்ணாடியைத் துடைத்தார். முத்து முத்தாக எழுதினார். ஓடெல் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "சகோதரர் ஓடெல் மேபின், மாநில அரசின் அழைப்பை ஏற்று, நாலரை ஆண்டுகள் வடக்கே தங்கியிருந்து, பொறுமையோடு கடமையாற்றினார் என்பதை நான் அறிவேன்."

"மதர்!"

"என்னடா? அரசாங்கம்தானே அழைச்சுது?"

சிஸ்டர் பேர்லைனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஓடெலுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கிழவியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டார், இடுப்பு வலியோடு.

"மதர், அம்மாவை மண்ணுல வைக்கும்போது நான் எங்க இருந்தேன்?"

லூவீனியா பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"சங்கிலி போட்டாவது கூட்டிட்டுப் போங்கன்னு கெஞ்சினேன். அனுப்பல. அன்னைக்கு அறையில சுவரைப் பார்த்து உக்காந்திருந்தேன். ஏட்டுல ரயில்வே வேலைன்னு இருந்துதாம். இத்தனை வருஷம் எனக்கு அப்படி ஒண்ணு நடக்கவே இல்லைங்கிற மாதிரி நீங்களும் இருந்தீங்க, நானும் இருந்தேன். இப்ப அரசாங்கமும் நடக்கலங்குது. எனக்கு நடந்துது மதர். யாராவது ஒருத்தர் எழுதிக் குடுங்க."

கிழவி எழுதியதைக் கிழித்துப் போட்டார். புதுக் காகிதம் எடுத்தார். இந்தத் தடவை எழுத்து முத்தாக இல்லை. ஓடெல் மேபின் கஞ்சா வழக்கில் சிறையில் இருந்தார், நானும் அவர் தாயும் பதினேழு முறை அங்கே போய்ப் பார்த்தோம், என்று எழுதினார். சிறை என்ற சொல் வந்த இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். பேர்லைன் முத்திரை குத்தினாள்.

"போ. உங்க அம்மா மேல என்னைக் கண்டா செருப்பால அடிப்பா. நான் வாங்கிக்கிறேன். போ."

மணி இரண்டரை. அலுவலகம் ஆற்றுக்கு மேற்கே, மேட்டில், அரை மணி நேரத் தூரம். ஓடெலுக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது. காகிதத்தைப் பக்கத்து இருக்கையில் வைத்து, பறக்காமல் இருக்க மேலே வெள்ளைக் கையுறையை வைத்தார். பாலத்தைத் தாண்டினார். அவசரம்தான், ஆனால் அந்த வண்டியின் சக்கரத்தைப் பிடித்தால் ஓடெலின் காலுக்குத் துக்க வேகம் மட்டும்தான் தெரியும். இருபத்திரண்டு வருடப் பழக்கம். மேட்டுச் சாலையில் எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். மூன்று மணிக்குப் பின்னால் விளக்குச் சுழன்றது.

அதிகாரி இளைஞர். சட்டையில் டெக்கர் என்று பெயர். மரியாதைக்குக் குறைவே இல்லை; வாக்கியத்துக்கு ஒரு சார்.

"எதுக்கு நிறுத்தினேன்னு தெரியுமா சார்?"

"தெரியலைங்க."

"ரொம்ப மெதுவா போறீங்க சார். உள்ள யாரு?"

"இப்ப யாரும் இல்லைங்க."

"கஞ்சா வாசனை வருது சார்."

"அது லில்லிப்பூங்க. காலையில ஒரு அடக்கம்."

கஞ்சா இப்போது சட்டப்படி செல்லும். ஆனாலும் வாசனைக்கு மட்டும் போலீஸ் மூக்கில் இன்னும் பழைய சட்டம்தான். டெக்கர் குனிந்து இருக்கையைப் பார்த்தார். கையுறையைத் தூக்கினார். காகிதத்தை எடுத்து வாசித்தார். அவர் முகம் மாறியது.

"இதுல கஞ்சா வழக்குல உள்ள இருந்தவர்னு எழுதியிருக்கு. நீங்கதானா சார்?"

"ஆமாங்க. உரிமத்துக்காக எழுதி வாங்கினது. நாலு மணிக்குள்ள குடுக்கணும்."

"கீழ இறங்குங்க சார். அப்படி ஓரமா உக்காருங்க. கை தெரியட்டும்."

ஓடெல் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். மேட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு நின்று பார்த்தார்கள். டெக்கர் காகிதத்தையும் ஓட்டுநர் உரிமத்தையும் எடுத்துக்கொண்டு தன் காருக்குப் போய்க் கணினியில் தட்டினார். கார்க்கதவு திறந்தே இருந்தது; உட்கார்ந்த இடத்திலிருந்து ஓடெலுக்குத் திரை தெரிந்தது. முதலில் தன் முகம் தெரிந்தது. இருபத்துமூன்று வயது முகம், கன்னத்தில் எலும்பு, நெஞ்சுக்குக் கீழே பலகையில் எண். பக்கத்தில் பெரிய எழுத்தில் தேதி, வைன் தெரு, கஞ்சா விற்பனை, ஆறு வருடம். ஒரு எழுத்துக்கூட அழியவில்லை.

ஓடெலுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு கறுப்பன் போலீஸ் கணினியைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்டது டெல்ரோஸ் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"சார்! சார்! அது நான்தான்! அதை ஒரு தாள்ல அடிச்சுக் குடுப்பீங்களா?"

டெக்கர் நிமிர்ந்து பார்த்தார். "என்னது?"

"அந்தப் பக்கத்தைத்தான் சார். அதைத்தான் அவங்க கேக்கறாங்க. இல்லவே இல்லன்னு சொல்றாங்க. உங்க கிட்ட பத்திரமா இருக்கே!"

"சார், நீங்க எதாவது போட்டிருக்கீங்களா?"

"இல்ல சார். நம்பரையாவது சொல்லுங்க. வழக்கு நம்பர். நான் மனசுல வச்சுக்கிறேன்."

"இது அழிக்கப்பட்ட பதிவு சார். வெளியே காட்டக் கூடாது. உங்க நன்மைக்குத்தான் அந்தச் சட்டம்." டெக்கர் ஒலிவாங்கியில், முன்பே வழக்கு உள்ள ஆள், சந்தேகமாகப் பேசுகிறார், மோப்ப நாயை அனுப்புங்கள் என்றார்.

நாய் வர முப்பது நிமிஷம் ஆயிற்று. அது லில்லிப்பூவை முகர்ந்தது, தும்மியது. பெட்டி வைக்கும் தளத்தைப் பெயர்த்தார்கள். பெட்டி நகர்த்தும் உருளைகளைக் கழற்றினார்கள். மதர் லூவீனியாவின் காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, உறைமேல் ஏதோ எண் எழுதினார்கள். அது இன்றைக்கு வேண்டும் சார் என்று ஓடெல் சொன்னார். விசாரணை முடிந்ததும் தபாலில் வரும் என்றார்கள். கல்லூரி மணிக்கூண்டு மூன்றே முக்கால் அடித்தது. ஓடெல் அதற்கப்புறம் கெஞ்சவில்லை. திரையின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வழக்கு எண்ணைப் படிக்க முயன்றார். மூக்குக்கண்ணாடி வண்டிக்குள் இருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு முதல் நாலு இலக்கத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஐந்தாவது மூன்றா எட்டா என்று புரியவில்லை. கொஞ்சம் எட்டிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தபடியே முன்னால் சாய்ந்தார்.

டெக்கர் கவனித்துவிட்டார். காருக்கு வந்து திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"அங்க பாக்காதீங்க சார்," என்றார். "அது உங்களுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்."